ரெப்ளிகா ஆட்டோமேட்டிக் வாட்ச் முந்துகிறது, இரவில் நின்றுவிடுகிறது. ரிப்பேர் செய்வது வீண் செலவா?

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இது ஒரு 'ஃபர்ஸ்ட் காப்பி' ஆட்டோமேட்டிக். தினமும் மூன்று நான்கு நிமிடம் முந்துகிறது, இரவு கழற்றி வைத்தால் காலையில் நின்று கிடக்கிறது, சர்வீஸ் சென்டரில் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். பிராண்டின் சர்வீஸ் சென்டர்கள் போலியைக் கையில் வாங்குவதில்லை, அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் நல்ல வாட்ச் மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம். வீண் செலவா இல்லையா என்பதை டயலில் இருக்கும் பெயர் முடிவு செய்யாது, உள்ளே ஓடும் மெஷின்தான் முடிவு செய்யும்.

முதலில் பேக் கவரைத் திறந்து அது எந்த மெஷின் என்று பார்க்கச் சொல்லுங்கள். ரோட்டரில் (கை அசையும்போது சுற்றிச் சாவி ஏற்றும் அரைவட்டத் தகடு) பொறித்திருப்பதை நம்ப வேண்டாம், அதையும் போலியாகப் பொறிப்பார்கள். இந்த வாட்சுகளில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று டிஜி2813, மணிக்கு 21,600 துடிப்பு, விலை மலிவு. இன்னொன்று சுவிஸ் ஈடிஏ 2824-2 மெஷினின் சீனப் பிரதி, 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு எட்டு. தியான்ஜினில் இருக்கும் சீகல் கம்பெனியின் எஸ்டி2130 இந்த இரண்டாவது வகை. 2824-இன் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, சுவிட்சர்லாந்திலேயே செலிட்டா கம்பெனி அதே வடிவமைப்பில் எஸ்டபிள்யூ200 என்று செய்து விற்கிறது. ஆக மெஷினில் திருட்டு எதுவும் இல்லை, பொய் என்பது டயலில் அச்சடித்த பெயர்தான். அந்த மெஷினுக்கு ஒழுங்காகச் சர்வீஸ் செய்தால் ஒழுங்காக ஓடும், இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

சரி, உங்கள் பிரச்சினைக்கு வருவோம். நேற்றுவரை சரியாக ஓடிய வாட்ச் திடீரென்று நிமிடக் கணக்கில் முந்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காந்தம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறி, அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், அதோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் வேகமாக ஆடும். ஸ்பீக்கர், டேப்லெட் கவர், கைப்பையின் காந்தப் பூட்டு எல்லாமே போதும். முள் வைத்த சாதாரண திசைகாட்டி ஒன்றின் பக்கத்தில் வாட்சைக் கொண்டுபோங்கள், முள் துள்ளினால் அதுதான். காந்தம் நீக்கும் சின்னப் பெட்டியின் பட்டனை அழுத்தியபடி வாட்சை மெதுவாகக் கை நீளத்துக்கு விலக்கிவிட்டு, அப்புறம்தான் பட்டனை விட வேண்டும். வாட்ச் பக்கத்தில் இருக்கும்போதே பட்டனை விட்டால் மறுபடி காந்தம் ஏறும். இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம், ஆனால் இதைச் செய்யாமலே முழுச் சர்வீஸுக்குப் பணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இரவில் நிற்பது வேறு கதை. வாட்ச் நின்றிருக்கும்போது சாவியை முன்னோக்கி முப்பது நாற்பது சுற்று கொடுத்து மேசையில் வைத்துவிடுங்கள். 2824 வகை என்றால் ஏறக்குறைய 38 மணி நேரம் ஓட வேண்டும். ஓடினால் சக்தியைச் சேர்த்து வைக்கும் மெயின்ஸ்பிரிங்கும் மற்ற சக்கரங்களும் நலம், கோளாறு தானாகச் சாவி ஏறும் பகுதியில். அங்கே ரிவர்ஸர் வீல் என்று இரண்டு சின்னச் சக்கரங்கள் உண்டு, ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங் ஏறுவது அவற்றால்தான். அழுக்கோ கெட்டிப்பட்ட எண்ணெயோ சேர்ந்தால் பிடிப்பு போய்விடும். நீங்கள் சாவி கொடுக்கும்போது ரோட்டரும் கூடவே விர்ரென்று சுற்றினால் இதேதான். கழுவிவிட்டு, அவற்றுக்கென்றே இருக்கும் லுபெட்டா திரவத்தில் முக்கிக் காயவைப்பதுதான் முறை, எண்ணெய்ச் சொட்டு விடக் கூடாது. முழுதாகச் சாவி கொடுத்தும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் நின்றால் மெஷினை முழுதாகப் பிரிக்கத்தான் வேண்டும்.

பிரதி மெஷின்களின் உண்மையான பலவீனம் எண்ணெய். ஃபாக்டரியிலிருந்து வரும்போதே அச்சுகளைத் தாங்கும் ஒரு கல்லில் எண்ணெய் குளம் கட்டியிருக்கும், பக்கத்துக் கல் வறண்டிருக்கும், ஸ்க்ரூ தலையிலிருந்து உதிர்ந்த உலோகத் தூசிகூட உள்ளே கிடக்கும். பிரித்துக் கழுவிய பிறகு எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணெய் போடுவது வேலையே இல்லை. வேகமாகச் சுற்றும் மெல்லிய அச்சுகளுக்கு மோபியஸ் கம்பெனியின் 9010 எண்ணெய், மெதுவாக அழுத்தத்தோடு சுற்றும் இடங்களுக்கு டி5 போன்ற கெட்டியான எண்ணெய், சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் பேலட் ஃபோர்க்கில் இருக்கும் கற்களின் முகத்துக்கு 9415, அந்த ஃபோர்க்கின் அச்சுகளுக்கு எதுவுமே கிடையாது. உங்கள் மெக்கானிக்கிடம் இதைக் கேளுங்கள், அவர் சொல்லும் பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

கடைசியில் வாட்சின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். 2824-க்கு லிஃப்ட் ஆங்கிள் (கருவியில் கொடுக்க வேண்டிய, மெஷினுக்கு உரிய கோண அளவு) 50 டிகிரி என்று அமைத்தால்தான் ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் எத்தனை டிகிரி ஆடுகிறது என்பதை, சரியாகக் காட்டும், முழுச் சாவியில் டயல் மேலே பார்த்தபடி 270 டிகிரிக்கு மேல் வந்தால் நிம்மதி. பேலன்ஸ் மேல் இரண்டு கைகள் இருக்கும், ஒன்று வேகத்துக்கு, மற்றது ஹேர்ஸ்பிரிங்கின் நுனியைப் பிடித்திருப்பது. வேகத்தைக் குறைக்கிறேன் என்று இரண்டாவதைத் தள்ளினால் பீட் எரர் (டிக்குக்கும் டாக்குக்கும் இடையிலான நேர வித்தியாசம்) ஏறிவிடும், டிக்டிக் சத்தம் நொண்டும். யூடியூப் பார்த்து வீட்டில் திறப்பவர்கள் அதிகம் கெடுப்பது இந்த இடத்தில்தான்.

உள்ளே டிஜி2813 என்றால் என் அபிப்பிராயம் வேறு. புது மெஷினே முழுச் சர்வீஸ் கூலியை விட மலிவாகக் கிடைக்கும், அதையே மாற்றிவிடுங்கள். ஆனால் அதே மாடலைப் போடுங்கள். நல்ல மெஷினாகப் போடலாமே என்று சீகோ என்ஹெச்35 கேட்பார்கள், டயலைப் பிடித்திருக்கும் சின்னக் கால்களும் முள் துளைகளும் ஒத்துவராது. 2824 வகையிலும் இதே சிக்கல்தான், அதற்கும் என்ஹெச்35-க்கும் நொடி முள் துளையிலேயே 0.25, 0.20 மில்லிமீட்டர் என்று வித்தியாசம்.

நான் தொடவே வேண்டாம் என்று சொல்வது ஒரே ஒரு வகை: ரோலக்ஸ் டேடோனாவைக் காப்பியடித்து, உள்ளே சுவிஸ் 7750 ஸ்டாப்வாட்ச் மெஷினின் பிரதியைப் போட்ட வாட்ச். 7750-இல் ஓடும் நொடி முள் 9 மணிப் பக்கம், டேடோனாவில் 6 மணிப் பக்கம். அதை நகர்த்துவதற்காக டயலுக்குக் கீழே கூடுதல் சக்கரங்களைச் செருகுகிறார்கள், அத்தனை உராய்வையும் அதே மெயின்ஸ்பிரிங் இழுத்தாக வேண்டும். எவ்வளவு நன்றாகச் சர்வீஸ் செய்தாலும் அந்தச் சுமை அப்படியேதான் இருக்கும்.

பராமரிப்பு என்று பார்த்தால், 300 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் தண்ணீரில் இறக்காதீர்கள். திறந்த கையோடு ரப்பர் கேஸ்கெட்டை மாற்றி லேசாக சிலிகான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்று வரை தேதியைச் சாவியால் மாற்ற வேண்டாம், அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தில் பல் மாட்டியிருக்கும். அப்புறம், நன்றாக ஓடுகிறதே என்று யாரிடமும் ஒரிஜினல் என்று சொல்லி விற்றுவிடாதீர்கள், அது மோசடி. முதலில் திசைகாட்டிச் சோதனையைச் செய்துவிட்டு, முள் என்ன செய்தது என்று கமெண்டில் எழுதுங்கள், அடுத்து என்ன என்று பார்க்கலாம்.