43ஆம் பக்கத்து அடிக்குறிப்பு

அன்புள்ள ஐயா,

கடனும் சேர்த்துக் கம்பெனிகளை வாங்கி, வளர்த்து விற்கும் ஒரு பிரைவேட் ஈக்விட்டி நிறுவனத்தில் அசோசியேட்டாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் டீமில் நான்கு பேர். வாங்கப்போகும் கம்பெனியின் வரவு செலவைக் கணித்து, இரவெல்லாம் கண்விழித்து எக்செல் மாடல் போடுவது நான். வாங்கலாமா என்று முடிவு செய்யும் இன்வெஸ்ட்மென்ட் கமிட்டியில் அதை வைத்துப் பேசுவது எனக்கு மேலே இருப்பவர். டீல் முடிந்தால் பாராட்டும் அவருக்குத்தான். டீம் வொர்க் என்ற பெயரில் என் உழைப்பு அவர் கணக்கில் போய்ச் சேருகிறது. எனக்கென்று ஒரு பெயர் எடுக்க என்ன வழி? வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் ஆதங்கம் நியாயமானது. நானும் அதே நிலையில் இருந்தவன்தான். ஆனால் பெயரைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்தத் தொழிலின் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

முதலீட்டாளர்களிடம் திரட்டிய பணம்தான் ஃபண்ட். அதன் ஆயுள் பொதுவாக 10 வருடம். முதல் ஐந்து வருடங்களில் கம்பெனிகளை வாங்குவார்கள், அப்புறம் வளர்த்து விற்பார்கள். நீங்கள் இன்று போடும் மாடல் சரியா தப்பா என்பது தெரியவே நான்கைந்து வருடம் ஆகும். சம்பளத்தைத் தாண்டி வரும் பெரிய பணம் கேரி, அதாவது லாபத்தில் கிடைக்கும் பங்கு. முதலீட்டாளர்களின் அசலும், அதற்கு மேல் பெரும்பாலும் வருடத்துக்கு 8 சதவீதமும் திரும்பிய பிறகுதான் லாபத்தில் 20 சதவீதம் நிறுவனத்துக்கு வரும். பல ஃபண்டுகளில் இதை மொத்த ஃபண்டுக்கும் சேர்த்தே கணக்கிடுவார்கள்.

ஃபண்டில் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கம்பெனிகளில் இருபது இருபதாகப் போடுகிறீர்கள். நீங்கள் வேலை பார்த்து வாங்கிய கம்பெனி மூன்று மடங்காகி 60 தருகிறது. இரண்டு கம்பெனிகளில் போட்டது மட்டும் திரும்புகிறது, ஆக 40. மற்ற இரண்டும் மூழ்கிவிட்டன. மொத்தம் 100. உங்கள் டீல் எவ்வளவு அருமையாக இருந்தாலும் கேரி பூஜ்யம். பக்கத்து மேஜைக்காரர் வாங்கும் கம்பெனியில் ஓட்டை இருந்தால் அது உங்கள் பணத்திலும்தான் ஓட்டை. அதனால்தான் இந்தத் தொழிலில் 'என் டீல்', 'உன் டீல்' என்று பிரித்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது.

இதைப் பெரிய நிறுவனங்களும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. 1985இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான பிளாக்ஸ்டோன் நான்கே வருடத்தில் எட்ஜ்காம் என்ற எஃகு விநியோகக் கம்பெனியை வாங்கியது. உள்ளே ஒரு பார்ட்னர் வாங்கலாம் என்றார், இன்னொருவர் வேண்டாம் என்றார். நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீபன் ஸ்வார்ஸ்மன் இருவரையும் கேட்டுவிட்டு, வாங்குவதென்று தானே முடிவெடுத்தார். எஃகு விலை சரிந்தது, கம்பெனியால் கடன் கட்ட முடியவில்லை, போட்ட பணம் போனது. அதன் பிறகு அங்கே முடிவெடுக்கும் முறையே மாறியது. யாரும் ஒருவரைத் தனியாகப் பார்த்துச் சம்மதம் வாங்கிவிட முடியாது, எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீலின் பலவீனங்களை அலச வேண்டும் என்று வைத்தார்கள்.

இனி என் கதை. நான் அசோசியேட்டாக இருந்தபோது எங்கள் டீம் ஒரு உதிரிபாகக் கம்பெனியை வாங்கும் முயற்சியில் இருந்தது. பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர் பட்டியலை வரி வரியாகப் பார்ப்பது என் வேலை. ஐந்தாவது பெயரும் பதினொன்றாவது பெயரும் வேறு வேறு, ஆனால் முகவரி ஒன்றே. தோண்டிப் பார்த்தால் இரண்டுக்கும் முதலாளி ஒருவர்தான். எந்த வாடிக்கையாளரும் விற்பனையில் 12 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று கமிட்டிக்குக் கொடுக்கும் அறிக்கையான மெமோவில் எழுதியிருந்தோம். இந்த இரண்டையும் சேர்த்தால் 21.

அப்போது இரவு மணி பதினொன்று. காலையில் கமிட்டி. எனக்கு மேலே இருந்தவரிடம் சொன்னேன். "அடிக்குறிப்பா போட்டுடு" என்றார். 43ஆம் பக்கத்தில், பொடி எழுத்தில் போட்டேன்.

மறுநாள் கமிட்டி அறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். உறுப்பினர் ஒருவர் நேராகவே கேட்டார்: "பெரிய வாடிக்கையாளர் ஒருத்தர் போயிட்டா கடன் தவணை கட்ட முடியுமா?" எங்களவர் 12 என்ற எண்ணை வைத்து, முடியும் என்றார். எனக்கு நெஞ்சு படபடத்தது. வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் வருடம் அந்த முதலாளி வேறு இடத்தில் சரக்கு எடுக்கப் போய்விட்டார். இரண்டு பெயரும் ஒரே மாதத்தில் பட்டியலிலிருந்து மறைந்தன. கடன் கொடுத்த வங்கியிடம் ஒப்புக்கொண்டிருந்த நிபந்தனைகளைக் கம்பெனியால் காப்பாற்ற முடியவில்லை. நாங்கள் மேலும் பணம் போட்டோம், அவர்கள் ஆட்களைக் குறைத்தார்கள். என்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை, எழுத்தில் இருக்கிறதே! வேலை போனவர்களை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

எஸ், எக்செல் போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு பார்ட்னர் மனதில் உங்கள் பெயர் நிற்பது, டீலுக்குப் பாதகமான ஒரு எண்ணை நீங்கள் நேரத்தோடு கொண்டுவந்து வைக்கும்போதுதான். அதை கமிட்டியில் மேலதிகாரியைத் திகைக்க வைக்கும் விதமாகச் செய்யாதீர்கள். முந்தின நாளே அவரிடம் சொல்லுங்கள், முதல் பக்கத்தில் போடச் சொல்லி வற்புறுத்துங்கள். பேச வாய்ப்பு வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள்: "வாடிக்கையாளர் பகுதியை நான் பேசட்டுமா?" நான்கு வருடம் மனசுக்குள் புழுங்கினேனே தவிர ஒருநாளும் கேட்கவில்லை. கேட்ட பிறகு ஒரே வாரத்தில் கிடைத்தது.

இன்னொன்று. வாங்கி முடித்த கம்பெனிகளின் மாதாந்திரக் கூட்டத்துக்குப் போங்கள். அசோசியேட்டுகள் பலர் புது டீலின் பின்னால் ஓடிவிடுவார்கள். நீங்கள் போட்ட மாடலுக்கும் அந்த மாதம் நடந்ததற்கும் எங்கே இடைவெளி என்று கம்பெனியின் நிதி அதிகாரியோடு உட்கார்ந்து பாருங்கள். எனக்குத் தெரிந்து இதற்கு மேல் ஒரு பள்ளிக்கூடம் இல்லை.

மாறுவதைப் பற்றி: கேரியில் உங்களுக்குப் பங்கு இருந்தால் அது வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உங்களுடையதாகும், பாதியில் கிளம்பினால் மிச்சம் போகும். பாராட்டு வரவில்லை என்பதற்காக அதை விட வேண்டாம். ஆனால் சங்கடமான எண்ணைச் சொன்னதற்காக உங்களை ஒதுக்கினார்கள் என்றால் அங்கே இருக்காதீர்கள், கேரி போனாலும் சரி.

உங்கள் அடுத்த மெமோவிலும் உங்களை உறுத்தும் வரி ஒன்று இருக்கும். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர முடிந்ததா, என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.