பேகம் ரொக்கையா பற்றி ஐந்து நிமிடம்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள், பேச்சுப் போட்டியில், பெண் கல்விக்காகப் பள்ளி நடத்திய வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கையா பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். மனப்பாடம் செய்தும் பாதியில் நின்றுவிடுகிறாள். எழுதியதை அனுப்பியுள்ளேன். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், கீழக்கரை

பதில்: பிள்ளை மேல் குறையில்லை, சகோதரி. அந்தத் தாளில் ஆண்டுகளும் புகழுரைகளும்தான் வரிசையாக நிற்கின்றன. ஒன்று நழுவினால் அடுத்ததைப் பிடிக்க வழியில்லை. 'இந்தியாவின் முதல் முஸ்லிம் பெண்கள் பள்ளி' என்ற வரியை அடித்துவிடுங்கள். கல்கத்தாவிலேயே முன்பு அப்படிப் பள்ளி இருந்தது.

பிறப்பிலிருந்து தொடங்காமல் பள்ளியிலிருந்து தொடங்கட்டும். 1909இல் இறந்த கணவர் சகாவத் ஹுசைன், பெண்கள் பள்ளிக்கென 10,000 ரூபாய் ஒதுக்கியிருந்தார். அதே ஆண்டு பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு பள்ளி திறந்தார் ரொக்கையா. குடும்பச் சொத்துத் தகராறில் ஊரை விட்டு வந்து, 1911 மார்ச் 16இல் கல்கத்தாவில் எட்டுப் பேரோடு மறுபடி தொடங்கினார்.

அடுத்து பள்ளி பஸ். இதற்கு இரண்டு நிமிடம் கொடுக்கலாம். கோஷாவுக்காக (பெண்களைப் பிறர் கண்ணில் படாமல் மறைக்கும் வழக்கம்) பஸ்ஸை முழுக்க அடைத்து, சிறு வலைத்திறப்பு மட்டும் விட்டார்கள். இருட்டிலும் வெக்கையிலும் பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள், மயங்கினார்கள். அடைப்பை எடுத்துத் திரை போட்டால், காற்றில் திரை பறக்கிறது, கோஷா கெடுகிறது என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. எதைச் செய்தாலும் குற்றம் என்ற நிலையிலும் அவர் பள்ளியை மூடவில்லை. சித்திரை வெயில் தெரிந்த நம் ஊர்ச் சபைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பிறகு ஒரு நிமிடம் பின்னோக்கிப் போகலாம்: இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர் அருகே பைராபந்தில், வீடு உறங்கியபின் காக்கா (அண்ணன்) இப்ராகிம் சாபிர் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தது. அந்த ஆங்கிலத்தில்தான் ரொக்கையா 'சுல்தானாவின் கனவு' கதையை எழுதினார். ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் ஆட்சியில், சூரிய வெப்பத்தில் சமையல்! 1905இல் அதை வெளியிட்டது நம் சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகை. இதைக் கட்டாயம் சொல்லட்டும். 1932 டிசம்பர் 9இல் மறைந்தார், பள்ளி இன்றும் நடக்கிறது என்று முடிக்கலாம்.

மொத்தம் 400 சொல் போதும். முழுத்தாள் வேண்டாம், பள்ளி, பஸ், காக்கா, கனவு என நான்கு துண்டுச்சீட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு சொல். உங்கள் முன்னால் நின்று, ஒவ்வொரு முறையும் வேறு வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கட்டும். நேரம் போதாவிட்டால் கனவைச் சுருக்கலாம், பஸ்ஸில் கை வைக்க வேண்டாம்.