விமானக் காட்சிக்கு முதல் கேமரா: 300 எம்எம் போதுமா?

கேள்வி: போன சிங்கப்பூர் விமானக் காட்சிக்கு மகனோடு சாங்கி போயிருந்தேன். கைத்தொலைபேசியில் எடுத்த படங்களில் ஒவ்வொரு விமானமும் எறும்பளவுதான் தெரிகிறது. அடுத்த காட்சிக்குள் கேமரா வாங்க 1,800 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு கடையில், "ஃபுல் ஃபிரேம் கேமராவை இப்போது வாங்குங்கள், லென்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். நண்பரோ 600 எம்எம் லென்ஸ் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (ஈசூன் வாசகி)

பதில்: இரண்டு பேர் பேச்சையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஏபிஎஸ்-சி சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு, ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னது) உள்ள ஒரு கேமராவும், 300 எம்எம் வரை நீளும் எடை குறைந்த ஒரு ஜூம் லென்ஸும் உங்களுக்குப் போதும். எம்எம் எண் கூடக்கூட விமானம் பெரிதாகத் தெரியும். ஏன் என்பதைக் கணக்காகவே காட்டிவிடுகிறேன்.

எஃப்-16 போர் விமானத்தின் நீளம் சுமார் 15 மீட்டர். உங்களிடமிருந்து 500 மீட்டர் தள்ளி அது பக்கவாட்டில் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 எம்எம் லென்ஸில் அதன் உருவம் சென்சார் மேல் 9 மில்லிமீட்டர் நீளத்துக்கு விழும். ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் ஏறக்குறைய 23.5 மில்லிமீட்டர். அப்படியென்றால் படத்தின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கை விமானம் பிடித்துக்கொள்கிறது. ஓரங்களைக் கொஞ்சம் வெட்டினால் சுவரில் மாட்டும் அளவுக்குப் படம் வரும். அதே லென்ஸை ஃபுல் ஃபிரேமில் போட்டால் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர், விமானம் கால் பங்குதான். கடைக்காரர் சொன்ன வழியில் போனால் பணமும் கூடுதலாகச் செலவாகும், விமானமும் சின்னதாகும்.

சரி, நண்பர் சொன்ன 600 எம்எம்? விமானம் முக்கால் ஃபிரேமை அடைக்கும், உண்மைதான். ஆனால் 500 மீட்டர் தூரத்தில் அந்த லென்ஸ் பார்க்கும் வானத்தின் அகலம் 20 மீட்டர்கூட இல்லை. வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வரும் போர் விமானம் அதைப் பத்தில் ஒரு வினாடிக்குள் கடந்துவிடும். கை பழகாதவர் கண்ணை வைத்துத் தேடுவதற்குள் வெறும் வானம்தான் மிஞ்சும். புதிதாக ஆரம்பிப்பவர்களின் கேமரா கார்டில் நான் அதிகம் பார்ப்பது சின்ன விமானங்களை அல்ல, பாதி வெட்டுப்பட்ட விமானங்களைத்தான். 70 எம்எம்மில் அதே தூரத்தில் 160 மீட்டருக்கு மேல் வானம் தெரியும். அங்கே விமானத்தைப் பிடித்து, அது வரவர ஜூமை நீட்டிக்கொண்டே போவதுதான் பழக வேண்டிய வித்தை. 70-300 போன்ற ஜூமை நான் சொல்வதற்குக் காரணமே இதுதான்.

இனி எதை வாங்குவது? உங்கள் தொகைக்கு என் முதல் தேர்வு, ஒருவர் பயன்படுத்திய பழைய நிக்கான் டி7500. 2017இல் வந்த கேமரா. வினாடிக்கு 8 படம் எடுக்கும். ஃபோகஸ் புள்ளிகளைக் கூட்டமாக வைத்து விமானத்தைப் பின்தொடரும் வசதியும் இருக்கிறது. அதற்கு ஏஎஃப்-பி 70-300 டிஎக்ஸ் லென்ஸ், எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. இதில் மட்டும் கவனம் தேவை. கிட்டத்தட்ட ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில் இரண்டு லென்ஸ்கள் உண்டு, ஒன்றில் அதிர்வுத் தடுப்பு இருக்கும், மற்றதில் இருக்காது. லென்ஸின் மேல் அதற்கெனத் தனி சுவிட்ச் கிடையாது, அதனால் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது. பெயரில் 'விஆர்' என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால் நிக்கான் இசட்50 இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். விமானத்தை விமானம் என்றே அடையாளம் கண்டு ஃபோகஸ் செய்யும் வசதி அதில் உண்டு. 50-250 லென்ஸோடு சேர்த்தால் உங்கள் தொகையைத் தாண்டலாம். கேனன் பக்கம் சாய்பவர்களுக்கு ஆர்10, அதோடு 635 கிராம் எடையுள்ள 100-400. பகல் வெளிச்சத்தில் அருமையான லென்ஸ், ஆனால் நீட்டிய முனையில் எஃப்/8தான், அதாவது உள்ளே விடும் வெளிச்சம் குறைவு, மாலை வெளிச்சத்தில் திணறும்.

பழையதை வாங்க சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்திலுள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் நல்ல இடம், நேரில் கையில் எடுத்துப் பார்க்கலாம். கரோசெல் இணையச் சந்தையில் பார்த்தாலும் நேரில் சந்தித்தே வாங்குங்கள். போகும்போது ஒரு சின்ன டார்ச் கொண்டு போங்கள். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து விளக்கைச் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் சும்மா கிடந்த லென்ஸுக்கு இந்தக் கதி சகஜம். நீங்களும் வாங்கிய அன்றே ஓர் உலர்பெட்டி வாங்கி, உள்ளே ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள். 1,800 வெள்ளியில் இதற்கும் ஒரு பங்கை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

அதே ஈரப்பதம் நமக்கு ஒரு பரிசையும் தருகிறது. நம் விமானப் படையின் எஃப்-15எஸ்ஜி போர் விமானம் வேகமாக வளையும்போது இறக்கைக்கு மேலே அழுத்தம் திடீரென்று குறையும், காற்றிலிருக்கும் நீராவி குளிர்ந்து வெண்மேகமாகப் பூக்கும். வறண்ட ஊர்களில் இதற்காகத் தவம் கிடக்கிறார்கள். விமானம் வயிற்றைக் காட்டித் திரும்பத் தொடங்கியதுமே பொத்தானை அழுத்த ஆரம்பியுங்கள், மேகம் ஒரு நொடிதான் நிற்கும்.

ஜெட் விமானங்களுக்கு ஷட்டர் வேகம் 1/1000 வினாடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். ஹெலிகாப்டருக்கு அதையே வைத்தால் படம் செத்துவிடும். 2024 காட்சிக்கு இந்திய விமானப் படையின் சாரங் குழு வந்திருந்தது. சாரங் என்றால் மயில், அதையே உடம்பில் தீட்டிய துருவ் ஹெலிகாப்டர்கள். அவசரத்தில் வேகத்தை மாற்ற மறந்து 1/1600இல் எடுத்துவிட்டேன். வண்ணமெல்லாம் துல்லியம், ஆனால் விசிறி நான்கும் உறைந்துபோய், நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி நின்றன. இன்றைக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

தேசிய தினத்தில் கொடியைத் தூக்கி வரும் சினூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விசிறி நிமிடத்துக்கு 225 சுற்று சுற்றும், வினாடிக்கு 1,350 டிகிரி. 1/1000இல் அது நகர்வது ஒரு டிகிரிக்குச் சற்று மேல், அதாவது நின்ற மாதிரிதான். 1/125இல் 11 டிகிரி, சுழல்வது கண்ணுக்குத் தெரியும். 1/60இல் 22 டிகிரி, அழகாக விரியும், ஆனால் கை ஆடினால் ஹெலிகாப்டரும் சேர்ந்து கலங்கும். 1/250இல் தொடங்கி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குங்கள்.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: தொடர் ஃபோகஸ் (நகரும் விமானத்தை விடாமல் பின்தொடர), தானியங்கி ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே பார்த்துக்கொள்ள), ரா கோப்பு (பிறகு திருத்த வசதியான மூலக் கோப்பு). நம் வானம் பெரும்பாலும் வெள்ளை வெளேரென்று இருப்பதால் கேமரா ஏமாந்து விமானத்தைக் கறுப்பாக்கிவிடும். வெளிச்சத்தை முக்கால் அல்லது ஒரு படி கூட்டி வையுங்கள்.

பயிற்சிக்குக் காசு வேண்டாம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து காற்று வீசும் நாள்களில், வடக்கேயிருந்து சாங்கி கடற்கரைப் பூங்காவுக்கு மேலே தாழ்வாக வந்து இறங்கும். ஃபிளைட்ரேடார்24 செயலியைத் திறந்து எந்தத் திசையில் இறங்குகின்றன என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மகனையும் அழைத்துப் போங்கள், அடுத்து வருவது எந்த விமானம் என்று செயலியைப் பார்த்துச் சொல்வது அவன் வேலையாக இருக்கட்டும். விமானம் கடந்து முடியும் திசையை நோக்கிக் கால்களை ஊன்றி, இடுப்பை மட்டும் அது வரும் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க, விமானத்தோடு சேர்ந்து உடம்பு அவிழ வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். ஜூன், ஜூலை மாதங்களில் தேசிய தின அணிவகுப்பு ஒத்திகைகளும் வரும், உண்மையான போர் விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் அப்போதே எடுத்துப் பழகலாம். ராணுவத் தளங்களின் வேலிப் பக்கம் மட்டும் போகாதீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி என்று பலகை இருக்கும் இடத்தில் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது.

காட்சி நாளன்று ஒரு விஷயம். குளிரூட்டிய வண்டியிலிருந்து இறங்கியதும் பையைத் திறந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும், துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளி வெப்பத்தில் வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். மகனுக்குக் காதடைப்பான் கட்டாயம்.

பயிற்சியெல்லாம் முடிந்து, 300 உண்மையிலேயே பத்தவில்லை என்று தோன்றினால், அந்த ஒரு வார இறுதிக்கு மட்டும் 150-600 லென்ஸை வாடகைக்கு எடுங்கள். இரண்டு கிலோ கனத்தை நாள் முழுக்கத் தூக்கிப் பார்த்தபின் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.