ஃபில்டர் ஜக்கு வாங்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீர் ஃபில்டர் ஜக்கு பற்றியவை. வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவருவது ஒரு பக்கம், ஆன்லைன் தள்ளுபடி மறுபக்கம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

துபாயிலிருந்து வந்த மகன் ஒரு ஃபில்டர் ஜக்கு கொண்டுவந்தான். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை அதில் ஊற்றிக் குடிக்கிறோம். இனி கொதிக்க வைக்க வேண்டாம் என்கிறான். சரிதானா?
*– வாசகி, மார்த்தாண்டம்*

சரியில்லை அம்மா. இன்றைக்கே பழையபடி கொதிக்க வைக்கத் தொடங்குங்கள்.

அந்த ஜக்குக்குள் இருப்பது கரியும், பிசின் மணிகளும். கரி பெரும்பாலும் நம்மூர் தேங்காய்ச் சிரட்டை மாதிரியான ஒன்றைச் சுட்டுப் பதப்படுத்திய ஆக்டிவேட்டட் கார்பன். அது குளோரின் வாடையையும் கெட்ட ருசியையும் எடுக்கும். பிசின் மணிகள் கொஞ்சம் சுண்ணாம்பையும், ஈயம், செம்பு போன்ற உலோகங்களில் ஒரு பகுதியையும் பிடித்துவைக்கும். கிருமியைக் கொல்லும் வேலை அந்த ஜக்குக்குக் கொடுக்கப்படவே இல்லை. பெட்டிக்குள் மடித்து வைத்த தாளை எடுத்துப் பாருங்கள். கிருமி இல்லாத, ஏற்கெனவே பாதுகாப்பான தண்ணீருக்கு மட்டும் என்கிற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்.

துபாயில் மகன் வீட்டுக் குழாயில் வருவது, கடல்நீரில் உப்பு நீக்கி, குளோரின் போட்டு அனுப்புகிற தண்ணீர். அங்கே ஜக்கு போதும். இங்கே இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், கிணறு நிறையும்போது மண்ணில் உள்ளதெல்லாம் சேர்ந்து ஊறி வருகிறது. பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் எத்தனை அடி தள்ளியிருக்கிறது என்றும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜக்கு வீணாகிவிடாது. கொதிக்க வைத்து, நன்றாக ஆறிய பிறகு அதில் ஊற்றலாம். சூடாக ஊற்றக் கூடாது. பதிமுகமோ சீரகமோ போட்ட தண்ணீரையும் ஊற்ற வேண்டாம். அந்த நிறத்தையும் மணத்தையும் கரி உறிஞ்சிக்கொண்டு சீக்கிரமே தீர்ந்துபோகும்.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் வாடை. வீட்டில் ஐந்து பேர். ஜக்கு வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
*– வாசகர், வடசேரி*

வாங்கலாம். ஜக்கு உண்டானதே இந்த வாடையைப் போக்கத்தான். ஆனால் ஜக்கின் விலையைப் பார்க்காதீர்கள், கார்ட்ரிட்ஜின், அதாவது கரியும் பிசினும் அடைத்து அவ்வப்போது மாற்றிப் போடுகிற உறையின், விலையைப் பாருங்கள். 600 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 150 லிட்டர் தாங்கும் என்று எழுதியிருந்தால், லிட்டருக்கு 4 ரூபாய். ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்றால் அந்தக் கார்ட்ரிட்ஜ் 15 நாள்தான் வரும். மாதம் 1,200 ரூபாய். இந்தக் கணக்கு உங்களுக்குக் கட்டுமா என்று முதலில் பாருங்கள். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குக் கட்டும், ஐந்து பேருக்குப் பல நேரம் கட்டாது.

அடுத்தது கொள்ளளவு. பெட்டியில் 2.4 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். அது மேல்தட்டு, கீழ்ப்பகுதி இரண்டும் சேர்த்து. வடிந்த தண்ணீர் ஒன்றரை லிட்டர்கூட வராது. ‘வடித்த நீரின் அளவு’ என்று தனியாக எழுதியிருப்பதைத் தேடிப் படியுங்கள்.

மாற்று கார்ட்ரிட்ஜ் நாகர்கோவிலில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்காமல் ஜக்கைத் தொடாதீர்கள். என் வீட்டுப் பரணில் ஒரு நல்ல ஜக்கு கிடக்கிறது. கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது. வேறு எந்தக் கார்ட்ரிட்ஜும் அதில் பொருந்தாது. விற்கும்போது அந்தக் கடைக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குளோரினை எடுத்துவிட்ட தண்ணீருக்குக் கிருமியிடமிருந்து காவல் கிடையாது. ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் குடித்துவிடுங்கள். காசில்லாத வழியும் ஒன்று உண்டு: குடத்தில் பிடித்து, வாயில் மெல்லிய துணி கட்டி இரவு முழுக்க வைத்தால் வாடை பெருமளவு போய்விடும். முதலில் அதைச் செய்து பாருங்கள்.

கடலோரம் வீடு. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. ஜக்கு உப்பை எடுக்குமா?
*– வாசகர், ராஜாக்கமங்கலம்*

எடுக்காது. உப்புக்கு ஆர்.ஓ. மெஷின்தான்.

இரண்டு பையன்கள் வீட்டுக்கு வந்து எங்கள் தண்ணீரில் கம்பி விட்டுக் காட்டினார்கள். சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் மெஷின் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. பயந்துபோய் 16,000 ரூபாய் கொடுத்து அந்த ஆர்.ஓ. மெஷினை வாங்கிவிட்டேன். பேத்தி இது ஏமாற்று என்கிறாள்.
*– வாசகி, தக்கலை*

பேத்தி சொல்வது சரி. நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. படித்தவர்களையும் உட்கார வைத்து இதே வித்தையைக் காட்டுகிறார்கள். பல வருடமாக வீடு வீடாக நடக்கிற இந்த வேலையைப் பற்றி எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு ஆறாது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் கருவியில் இருக்கும் கம்பிகளில் ஒரு சோடி இரும்பு, மறுசோடி பெரும்பாலும் அலுமினியம். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கம்பிதான் கரைகிறது. டம்ளரில் நீங்கள் பார்த்த பழுப்பும் பச்சையும் கலந்த கசடு அந்தக் கம்பியின் துரு. உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. மின்சாரம் பாய வேண்டுமானால் தண்ணீரில் தாது உப்பு இருக்க வேண்டும். உங்கள் தண்ணீரில் அது இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டதால் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது, தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை யாராவது வந்தால், அவர்களுடைய தெளிவான தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் அப்படியே கலங்கும்.

பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரையும் காட்டியிருப்பார்கள். அது கரைந்த உப்பை மட்டும் மதிப்பிடும். கிருமியைக் காட்டாது. மீட்டரில் 40 காட்டும் தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். 300 காட்டும் தண்ணீர் குடிக்க முழுத் தகுதியோடு இருக்கலாம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை விடுகிறது. உங்கள் வீட்டில் மீட்டர் என்ன காட்டியது என்று நீங்கள் எழுதவில்லை. 500க்குக் கீழே என்றால் உப்பைக் குறைக்க உங்களுக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை.

இனி பணத்துக்கு வருவோம். பொய்ச் செயல்விளக்கம் காட்டி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அதற்கு இடம் கொடுக்கவில்லை. கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் நடந்ததை எழுதி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ரசீது நகலை இணையுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். நகரவில்லை என்றால் நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பேத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கண்காட்சியில் 399 ரூபாய்க்கு ஜக்கு வாங்கினேன். கார்ட்ரிட்ஜ் எங்கேயும் இல்லை. பில் வாங்கவில்லை, பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன், கம்பெனி பெயரும் நினைவில்லை. எங்கே புகார் செய்வது?
*– வாசகர், குழித்துறை*

யார்மேல் என்று சொல்லி நான் புகார் எழுதச் சொல்வேன்? தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், வருடம், புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதைப் படிக்காமல் தூக்கிப் போட்டுவிட்டு எனக்கு எழுதுகிறீர்கள். அந்த ஜக்கில் மோர் ஊற்றி வையுங்கள்.

எங்கள் ஜக்கின் மூடியில் உள்ள விளக்கு இன்னும் பச்சைதான். ஒரு வருடமாகக் கார்ட்ரிட்ஜ் மாற்றவில்லை. பரவாயில்லையா?
*– வாசகர், இரணியல்*

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வேன்? பல மூடிகளில் அந்த விளக்கு வெறும் நாள் கணக்கு. உள்ளே போன தண்ணீரை அது அளப்பதில்லை. ஈரமான பழைய கரியில் கிருமி வளரும். இன்றைக்கே கழற்றிப் போடுங்கள், ஜக்கைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புதிய கார்ட்ரிட்ஜின் மேலேயே மாற்ற வேண்டிய தேதியை எழுதிவிடுங்கள்.

புது ஜக்கில் கறுப்புத் துகள் மிதக்கிறது.
*– வாசகி, கொட்டாரம்*

கரித்தூள், கெடுதல் இல்லை. முதல் இரண்டு ஜக்கு தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

எங்கள் தண்ணீர் இறைத்தவுடன் தெளிவாக இருக்கிறது. காலையில் பார்த்தால் பழுப்பு, இரும்பு வாடை. ஜக்கு வாங்கி ஒரே வாரத்தில் அடைத்துவிட்டது.
*– வாசகர், குலசேகரம்*

அடைக்கத்தான் செய்யும். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. அதை ஜக்குக்குள் படிய விட்டால் கரியின் துளை மூடிவிடும். வெளியே படிய விடுங்கள். இரண்டு பாத்திரத்துக்கு இடையே உயரத்திலிருந்து பலமுறை ஆற்றி, இரவு அசைக்காமல் வைத்து, காலையில் மேல் தண்ணீரை மட்டும் துணியில் வடித்து, கொதிக்க வையுங்கள். வீட்டுக்கு ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்றால் உங்களுக்கு ஜக்கைவிட எவர்சில்வர் கேண்டில் ஃபில்டர் நல்லது. கேண்டிலைத் தேய்த்துக் கழுவி மறுபடி போடலாம், கார்ட்ரிட்ஜைக் கழுவ முடியாது. கேண்டில் வைத்தாலும் கொதிக்க வைப்பதை நிறுத்த வேண்டாம்.

ஆன்லைனில் ஒரு ஜக்கு ‘என்.எஸ்.எஃப். சான்று பெற்றது, 99 சதவீதம் சுத்தம்’ என்கிறது. நம்பலாமா?
*– வாசகி, தோவாளை*

என்.எஸ்.எஃப். என்பது ஃபில்டர்களைச் சோதித்துச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு. அதன் எந்தத் தர எண்ணில் சான்று என்று பாருங்கள். 42 என்றால் குளோரின், ருசி, வாடை சம்பந்தப்பட்டது. 53 என்றால் ஈயம் போல உடலுக்குக் கேடானவை. அதிலும் எதற்கெல்லாம் சான்று வாங்கியிருக்கிறார்கள் என்று பட்டியல் இருக்கும். எண்ணும் பட்டியலும் இல்லாத சான்றை நம்ப வேண்டாம். எதில் 99 சதவீதம் என்று சொல்லாத 99-ஐயும் நம்ப வேண்டாம்.

ஜக்கா, ஆர்.ஓ.வா, கேண்டிலா? ஒன்றைச் சொல்லுங்கள்.
*– வாசகர், கருங்கல்*

உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சொல்ல மாட்டேன். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். உப்பு, கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட் ஆகியவற்றோடு கிருமிச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். கிருமிச் சோதனைக்கு வீட்டு பாட்டிலில் பிடிக்கக் கூடாது. அவர்களிடமே கிருமி நீக்கிய பாட்டில் கேளுங்கள். மழை பெய்து கிணறு ஏறியிருக்கும் நேரத்தில் பிடித்து, ஐஸ் போட்ட பையில் வைத்து அன்றைக்கே கொண்டு கொடுங்கள். அந்த அறிக்கையின் நகலை எனக்கு அனுப்புங்கள், எது வேண்டும் என்று அப்போது சொல்கிறேன்.