கர்ப்பப்பை வாய்க்கு அவசரத் தையல்: கேளுங்கோ, சொல்கிறேன்

மகப்பேற்று விடுதியில் நெடுங்காலம் தாதியாக வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் வைத்தியர் சொல்வதுதான் முதல்.

கோண்டாவிலிலிருந்து: தங்கச்சிக்கு 21 கிழமை. நோவே இல்லை, ஆனால் வாய் 2 சென்ரிமீற்றர் திறந்து பனிக்குடம் தெரிகிறதாம். உடனே தைக்காமல் ஏன் வைத்துப் பார்க்கிறார்கள்?

அசட்டை இல்லை, பிள்ளை. கிருமித்தொற்று, பிரசவக் குத்து, இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்தது, இதில் ஒன்று இருந்தாலும் தைக்க மாட்டார்கள். உள்ளே தொற்றை வைத்துக்கொண்டு வாயைக் கட்டினால் தாயின் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், நாடி, இரத்தம் எல்லாம் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்குத்தான்.

எப்படிச் செய்வார்கள் அக்கா, நோகுமா?

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு விறைக்கப் பண்ணுவார்கள், நோகாது. கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினால் பிதுங்கிய பனிக்குடம் கொஞ்சம் பின்வாங்கும், போகாவிட்டால் சலப்பையை, அதாவது சிறுநீர்ப்பையை, சேலைனால் நிரப்பியோ, கதீற்றர் என்ற மெல்லிய குழாயின் பலூனால் மெல்லத் தள்ளியோ உள்ளே அனுப்புவார்கள். பயமான கட்டம் இதுதான், பை அப்போதே உடையவும் கூடும். அப்புறம் வாயைச் சுற்றித் தடித்த நூலை ஓட்டி, சுருக்குப்பை மாதிரி இறுக்கி முடிச்சு. 1957இல் வைத்தியர் மக்டொனால்ட் எழுதிய முறை இது. அதற்கு முன்பே பம்பாயில் வைத்தியர் சிரோட்கர் ஒரு முறை கொண்டுவந்தார், அதில் வெட்டி உள்ளே போகவேண்டும் என்பதால் அவசரத்துக்கு அவ்வளவாக எடுப்பதில்லை.

நெடுந்தீவிலிருந்து: மனைவிக்கு 19 கிழமை, போனமுறை 20இல் நோவில்லாமலே பிள்ளை போய்விட்டது. இப்போது கீழே பாரமாக, சளிபோலப் போகிறது. காலைப் படகு வரும்வரை பொறுக்கலாமா?

பொறுக்காதேங்கோ தம்பி! இப்பவே தீவு வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போய், போனமுறை நடந்ததை முதல் வசனமாகச் சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்துக்கு எப்படி அனுப்புவது என்று அவர்கள் பார்ப்பார்கள். வாய் திறக்கத் திறக்கத் தையலின் பலன் குறையும், 4 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் மிகவும் கஷ்டம்.

தைத்தபின் படுத்தே கிடக்கவேணுமா?

படுக்கையால் பலன் என்று நிரூபணமில்லை, காலில் இரத்தம் கட்டத்தான் வழி.

தையல் எவ்வளவு நாள் தாங்கும்?

சும்மா படுத்திருப்பதைவிடச் சராசரியாக ஐந்து கிழமையளவு கூட. சிறிதாகத் தெரியும், ஆனால் 21 கிழமைப் பிள்ளை 26ஐத் தொடுவது வேறு கதை. எல்லாம் சரியாகப் போனால் 36, 37 கிழமையில் தையலை வெட்டி எடுப்பார்கள். அதற்கு முதல் குத்து வந்தாலோ தண்ணீர் போனாலோ 1990 அம்புலன்சுக்கு அடித்து உடனே போங்கோ, தையல் இருக்கப் பிரசவநோவு முற்றினால் வாய் கிழிந்துவிடும்.