பழைய நாளிதழ்களில் தேடுதல்: கேள்வி பதில்

கேள்வி: நூறாண்டுக்கு முந்தைய நாளிதழ்களை இணையத்தில் எங்கே தேடுவது? கட்டணம் உண்டா?

பதில்: இதழ் வெளியான நாட்டின் தேசிய நூலகத்திலிருந்து தொடங்குங்கள். ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், அமெரிக்காவின் கிரானிக்ளிங் அமெரிக்கா, பிரான்சின் காலிகா ஆகிய இணையத்தளங்களில் பழைய இதழ்களை இலவசமாகப் படிக்கலாம். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ் சந்தா கேட்கும். பணம் கட்டுமுன், உங்கள் நூலகத்தில் அந்தச் சந்தா இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கேள்வி: என் கொள்ளுப்பாட்டனார் கப்பல் விபத்தில் இறந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பெயரைத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. செய்தி அச்சாகவே இல்லை என்று முடிவு செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. நீங்கள் தேடுவது இதழை அல்ல, பக்கத்தின் படத்தைப் பார்த்துக் கணினி ஊகித்தெழுதிய எழுத்துகளை. மை பரவியிருந்தாலோ, மைக்ரோஃபிலிமில் (பக்கங்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த சுருளில்) கீறல் விழுந்திருந்தாலோ, வரி முடிவில் பெயர் இரண்டாக உடைந்திருந்தாலோ அந்த ஊகம் தவறிவிடும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, கப்பலின் பெயர், துறைமுகம், மாலுமி எனச் செய்தியில் இருந்தே தீரவேண்டிய சொற்களைத் தேடுங்கள். ஆண்டு வரம்பையும் குறுக்குங்கள். கடலடித் தந்தி வருவதற்கு முன் தொலைதூரச் செய்தி கப்பலில்தான் வந்தது என்பதால், விபத்து நாளுக்குப் பிந்தைய பல வார இதழ்களையும் பார்க்க வேண்டும். அதிலும் கிடைக்காவிட்டால் தேடல் பெட்டியை மறந்து, கப்பல் போக்குவரத்துப் பத்தியை நாள்வாரியாகப் புரட்டுங்கள். பலரும் தவிர்க்கும் இந்த வேலையே பெரும்பாலும் பலன் தருகிறது.

கேள்வி: 1780களின் ஆங்கில இதழ்களில் எளிய சொற்கள்கூட அகப்படவில்லையே?

பதில்: அக்கால அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் எஸ் (s) எழுத்து, எஃப் (f) எழுத்தைப் போலவே தோன்றும். கணினியும் அப்படியே படித்துவிடுவதுண்டு. எஸ்ஸுக்குப் பதில் எஃப் இட்டும் தேடுங்கள்.

கேள்வி: பாட்டியின் பெயர் எங்குமே இல்லை.

பதில்: மணமான பெண்களை 'மிஸஸ்' என்ற அடைமொழியோடு கணவர் பெயரால் மட்டுமே குறிப்பது அக்கால ஆங்கில இதழ்களின் வழக்கம். கணவரின் பெயரையும் முதலெழுத்துகளையும் இட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரே செய்தி ஐந்து இதழ்களில் உள்ளது. அதை உறுதியான சான்றாகக் கொள்ளலாமா?

பதில்: ஒன்றிலிருந்து மற்றவை எடுத்து அச்சிட்டிருந்தால் அது ஒரே சாட்சிதான். தேதிவாரியாக அடுக்கி முதலில் வந்ததைக் கண்டுபிடியுங்கள். இதழின் பெயர், தேதி, பக்கம், பத்தி எண், நிலையான இணைப்பு (அந்தப் பக்கத்தின் மாறாத இணைய முகவரி) ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பக்கத்தின் படத்தையும் சேமியுங்கள். ட்ரோவில் கிடைத்த செய்தியானால், பிழையான வரிகளை அங்கேயே திருத்திவிடுங்கள். அதே பெயரைத் தேடி அடுத்து வருபவருக்கு அது உடனே கிடைக்கும்.