வாசகர் கேள்வி பதில்: பாட்டியின் நினைவாக

கேள்வி: பாட்டியின் அடக்கத் திருப்பலியில் (அடக்கப் பூசையில்) பேரப்பிள்ளைகள் சார்பாக நான் பேச வேண்டும். குருவின் மறையுரை (பிரசங்கம்) நேரத்திலேயே பேசலாமா? என்ன பேசுவது?

பதில்: மறையுரை நேரத்தில் முடியாது. அங்கே புகழுரை கூடாது என்பது திருச்சபையின் ஒழுங்கு. நற்கருணை வாங்கி முடிந்து, குரு அதற்கடுத்த மன்றாட்டைச் சொன்ன பிறகு, இறுதிப் பிரியாவிடைச் சடங்கு தொடங்குமுன் குடும்பத்தில் ஒருவர் சுருக்கமாகப் பேசலாம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நீளமாகப் பேச ஆசையென்றால் முந்தின இரவுச் செபத்தில் வைத்துக்கொள்வதே வசதி.

மூன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 வார்த்தை. தாள் இல்லாமல் ஏறாதீர்கள், இரண்டாவது வரியிலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும். பெரிய எழுத்தில் எழுதி, இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். நீங்கள் நிறுத்திவிட்டால் அவர் தொடரட்டும்.

"பக்தி மிக்கவர், பாசமானவர்" என்பது எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். செபமாலையில் எத்தனையாவது பத்தில் (பத்துச் சிறிய மணிகள் கொண்ட தொகுதியில்) கண்ணயர்வார், யாருக்காகத் தனியாக ஓர் 'அருள்நிறை மரியே' செபம் சேர்த்துச் சொல்வார் என்று எழுதுங்கள். அப்படி மூன்று போதும். அகப்படவில்லையா? அவருடைய செபப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். விரல் பட்டுக் கறுத்த பக்கமும், இடையில் செருகிய நினைவு அட்டைகளும் அவர் யார் யாருக்காக வேண்டினார் என்று சொல்லிவிடும். "இந்நேரம் மோட்சத்தில் இருப்பார்" என்று மட்டும் அடித்துப் பேச வேண்டாம். அந்தப் பூசையே அவர் ஆன்ம இளைப்பாற்றிக்காக, அதாவது ஆன்மா அமைதி பெறத்தானே ஒப்புக்கொடுக்கப்படுகிறது!

கேள்வி: பாட்டியின் பிறந்த தேதி வீட்டில் ஒன்று, ஆவணத்தில் ஒன்று. கல்லறைக் கல்லில் எதைப் பொறிப்பது?

பதில்: ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டைக் கேளுங்கள். பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் அதில் தனித்தனியே இருக்கும். பின்னதைப் பிறந்த நாளென்று எடுத்தெழுதிவிடுவதால் வரும் குழப்பம்தான் அதிகம். உறுதிபூசுதல், திருமணம் பற்றிய ஓரக்குறிப்பையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பாட்டியின் அறுந்த செபமாலையை நானே கோத்தேன். சொல்லிக்கொண்டு போனால் கணக்கு உதைக்கிறது.

பதில்: வட்டத்தில் ஐந்து பெரிய மணி கோத்திருப்பீர்கள். நான்குதான் வேண்டும். சிறிய மணிகள் பத்துப் பத்தாக ஐந்து தொகுதி, அவற்றின் இடையே நான்கு பெரியவை. முதல் பத்துக்கான பெரிய மணி பதக்கத்துக்குக் கீழே தொங்கும் பகுதியில் இருக்கிறது. சிலுவையிலிருந்து எண்ணினால் அங்கே ஒரு பெரியது, மூன்று சிறியது, மறுபடி ஒரு பெரியது. ஆக மொத்தம் சிறியவை 53, பெரியவை 6.

கம்பியில் கோத்த மாலையானால், கம்பி வளையத்தைக் குறட்டால் இழுத்து அகட்டாதீர்கள். பக்கவாட்டில் திருகித் திறந்து, அதே வாக்கில் திருகி மூடுங்கள். இழுத்து அகட்டிய வளையம் திரும்ப முழுசாக மூடாது, மாலை அந்த இடத்திலேயே மறுபடி கழன்றுகொள்ளும். சரிசெய்யவே முடியாவிட்டால், மந்திரித்த பொருளாகையால் குப்பையில் போடாமல் மண்ணில் புதைத்துவிடுங்கள்.